லாரி இன்ஜின் ஓடும் கடல்: தொண்டி முதல் குந்துகால் வரை

தொண்டி

தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் மிக நீண்ட கரையை உடையது இராமநாதபுரம். ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளும் இக்கரையை மண்டபம் முனையும் பாம்பன் தீவும் வடக்கே பாக் விரிகுடா என்றும் தெற்கே மன்னார் வளைகுடா என்றும் இரு வேறு கடல்களாகப் பிரித்துவிடுகின்றன. விரிகுடா ஆழம் குறைந்தது. அதன் பெரும்பகுதியில் பதினைந்து மீட்டருக்குள்ளேயே தரை தட்டிவிடும். சேறும் மணலும் கலந்த அத்தரையில் இறாலும் நண்டும் காரலும் செழிப்பதால், ஆழம் குறைந்த கடல் என்பது இங்கே குறையாகக் கருதப்பட்டதில்லை. ஆனால் அதே ஆழமின்மைதான், அடித்தரையை வாரி இழுக்கும் வலைக்கும் அவ்வலையை இழுக்கும் இன்ஜினுக்கும் இவ்விரிகுடாவை எளிதாகத் திறந்துவிட்டது.

வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பம்ப்செட் ஆலைகளும் நிறைந்த கோயம்புத்தூரிலிருந்து இக்கரைக்கு வரும் பயணிக்கு இன்ஜின் புதிய பொருளன்று. இந்தியக் கார் பந்தயத்தின் வரலாற்றிலும் அந்நகருக்கு நீங்காத இடம் உண்டு. எனினும் அங்கே இன்ஜின் என்பது செய்து விற்கப்படும் பண்டமாகவே பார்க்கப்படுகிறது; இங்கே அது ஒவ்வொரு நாளும் எண்ணெய் ஊற்றிக் காக்க வேண்டிய கடனாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தொண்டியில் தொடங்கித் தெற்கே இறங்கும் இப்பயணம், அந்தக் கடன் எப்படிப் படகுகளின் வடிவையும், அவை செல்லும் எல்லையையும், யார் கடலில் நிலைப்பார் என்பதையும் முடிவு செய்கிறது என்பதைப் பின்தொடர்கிறது.

தொண்டி வட்டாரத்துக் கரையோர ஊர்களில் திருவிழாக் காலங்களில் இன்றும் பாய்மரப் படகுப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. பாய் விரித்த வள்ளங்கள் ஒரே காற்றில் ஓடும் அப்போட்டியில், பாயைத் திருப்பும் கையும், படகு சாயாமல் எதிர்ப்பக்கம் உடலைச் சாய்த்து எடை கொடுக்கும் ஆட்களின் ஒத்திசைவுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. காற்றை யாரும் விலைகொடுத்துக் கூடுதலாக வாங்கிவிட முடியாது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் சொல்லிக் காற்றைப் பிரித்தறியும் முதியவர்கள் இன்னமும் கரையில் அமர்ந்து வலை பழுது பார்க்கிறார்கள். அவர்களுள் எவரும் பாய்மரக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. காற்று விழுந்துவிட்டால் பிடித்த மீன் கரை சேர்வதற்குள் கெட்டுப்போகும், வணிகரிடம் சேர வேண்டிய நேரம் தவறினால் பாதி விலையும் கிடைக்காது என்பதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் இக்கரைக்குக் கொடுத்த முதல் கொடை வேகமன்று, திரும்பி வரும் நேரத்தைப் பற்றிய உறுதி என்பதே அவர்கள் பேச்சிலிருந்து தெளிவாகிறது.

அந்த மாற்றத்தின் வேர் 1952-இல் கையெழுத்தான இந்தோ-நார்வே ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொல்லம் அருகே நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய அத்திட்டம் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்த, அறுபதுகளில் இறால் ஏற்றுமதி பெருகியதும் இழுவைமடி, அதாவது படகின் பின்னே கடல்தரையை ஒட்டி இழுக்கப்படும் பை போன்ற வலை, அரசு மானியங்களின் துணையோடு தமிழகக் கரைக்கும் பரவியது. இறால் ஏற்றுமதிக்குப் போக, தொண்டிக் கடையொன்றில் சோற்றுக்கு ஊற்றப்படும் காரல் குழம்பு, புளியும் மிளகும் தூக்கலாக, முள்ளோடு மென்று தின்னத் தக்கதாய் இருக்கிறது; ஏற்றுமதிக்கு ஆகாத இந்தச் சிறுமீன்தான் இக்கரை வீடுகளின் அன்றாட உணவு.

மண்டபம்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைக் கடந்து, இராமநாதபுரம், உச்சிப்புளி வழியாகச் சாலை கிழக்கே திரும்பும்போது பனைகள் அடர்கின்றன. நிலம் ஒடுங்க ஒடுங்க, இரு கடல்களின் காற்றும் ஒருங்கே வீசும் மண்டபம் வருகிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை இவ்வூரில்தான் இருந்தது என்பதால், இந்தியக் கடல்மீன் அறிவியலின் ஒரு தலைமுறையை இச்சிற்றூர் வளர்த்தது என்று சொல்லலாம்.

2023 ஆகஸ்டில் இங்கே நடந்த மீனவர் மாநாட்டில் தமிழக அரசு, விற்பனை வரி நீக்கி வழங்கப்படும் டீசலின் ஆண்டு அளவை விசைப்படகுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தியது. விசைப்படகு என்பது உடலுக்குள் பெரிய டீசல் இன்ஜின் நிலையாகப் பதிக்கப்பட்ட இழுவைப் படகு. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு என்பது பின்புறம் சிறு இன்ஜின் மாட்டப்பட்ட வள்ளம், வத்தை போன்ற சிறுபடகு. பத்தொன்பதாயிரம் லிட்டர் என்பது கேட்பதற்குப் பெரிய அளவாகத் தோன்றினாலும், அதைக் கடலில் பிரித்துப் பார்த்தால்தான் அதன் உண்மை அளவு தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; எஞ்சிய நாட்களிலும் பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாட்களே செல்லலாம், மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்குரியவை. புயல் எச்சரிக்கைகளையும் வேலைநிறுத்தங்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால்கூட ஆண்டுக்கு நூற்று முப்பது பயணங்களே கிடைக்கின்றன. அதாவது ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 146 லிட்டர். நூறு குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்குப் பத்தொன்பது லிட்டரளவு குடிக்கும். எனவே சலுகை டீசல் அதற்கு ஏழெட்டு மணி நேரம் வரும். 240 குதிரைத்திறன் இன்ஜினுக்கோ மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பெரிய இன்ஜினை வாங்குபவர் சலுகையைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு, மீதத்தைச் சந்தை விலையில் ஊற்றுகிறார்.

கரையோரம் பாசி எடுக்கும் பெண்கள், மன்னார் வளைகுடாத் தீவுகளை நோக்கிச் செல்லும் வள்ளத்தின் எண்ணெய்ச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்கிறார்கள். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கும் அவர்களின் வேலையில் இயந்திரத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் எண்ணெய் விலை ஏறிய வாரத்தில் அவர்கள் கூலியும் இறங்குகிறது.

பாம்பன்

1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்துக்கு அருகே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் நிற்கிறது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுகிறது. 1988-இல் முடிந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டிகளை நிறுத்தி அனைவரும் பார்ப்பது அதைத்தான். பாலத்தின் கீழே, வடகடலிலிருந்து தென்கடலுக்குக் கால்வாய் வழியே செல்லும் படகுகளின் ஓசையைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு அது நெடுஞ்சாலையில் கேட்ட ஓசையாகவே இருக்கும். காரணம், அவற்றுள் பலவற்றில் ஓடுவது லாரிக்காக உருவாக்கப்பட்ட இன்ஜினின் கடல்வடிவமே.

இன்ஜின் பட்டறையொன்றில் நிற்கும்போது இந்த உருமாற்றம் விளங்குகிறது. லாரியில் முன்புறக் காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். படகின் வயிற்றில் காற்று கிடையாது. ஆகவே ரேடியேட்டரை நீக்கிவிட்டு, இன்ஜினுக்குள் சுழலும் நன்னீரைக் குழாய்களின் வழியே கடல்நீரால் குளிர்விக்கும் வெப்பமாற்றி பொருத்தப்படுகிறது. பல பல்வரிசைகள் கொண்ட சாலை கியர்பாக்ஸுக்குப் பதிலாக, சுழற்சியைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதும் முன்பின் மாற்றுவதும் மட்டுமே செய்யும் கடல் கியர்பாக்ஸ் இணைக்கப்படுகிறது. அசோக் லேலண்ட், கிர்லோஸ்கர் போன்ற பெயர்கள் இங்கே ஊர்ப்பெயர்கள்போல் புழங்குவதற்குக் காரணம் அவற்றின் திறன் மட்டுமன்று. உதிரிபாகம் மதுரையிலோ இராமநாதபுரத்திலோ அன்றே கிடைக்கும், லாரி பட்டறையில் தொழில் கற்றவர் இதையும் பிரித்து மாட்டுவார் என்னும் நம்பிக்கையே முதன்மையான காரணம். "அண்ணே, ஹெட்டைக் கழட்டிட்டா ரெண்டு நாள் தொழில் போயிரும், யோசிச்சுக்கங்க" என்று பட்டறைக்காரர் படகு உரிமையாளரிடம் சொல்லும்போது, அந்த இரண்டு நாட்கள் மூன்று நாள் வாரத்தின் இரண்டு நாட்கள் என்பதை இருவரும் அறிந்தே பேசுகிறார்கள்.

இங்கே கோயம்புத்தூரின் நினைவு தவிர்க்க இயலாததாகிறது. எண்பதுகளில் பந்தயக் கார் என்பது பணக்காரர் இறக்குமதி செய்யும் பொருளாக இருந்தபோது, அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், சாலையில் எங்கும் ஓடிய மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பொது இன்ஜின், எளிய உதிரிபாகம், எல்லோருக்கும் ஒரே திறன் என்னும் அந்தத் தேர்வினால்தான் ஸ்ரீபெரும்புதூர் தளத்தில் நரேன் கார்த்திகேயன் போன்ற இளைஞர்கள் பந்தயத்தைத் தொடங்க முடிந்தது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைக் கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தளம் தாங்குகிறது. அவர் காட்டிய வழியிலேயே இன்றும் ஸ்விஃப்ட் காரின் 1300 கன சென்டிமீட்டர் இன்ஜின் கொண்ட ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள் ஓடுகின்றன.

இன்ஜினைச் செய்பவருக்கும் அதை வாங்கி ஓட்டுபவருக்கும் இடையிலான இத்தகைய உறவுக்கு உலக அளவில் வாடிக்கையாளர் பந்தயம் என்று பெயர். தொழிற்சாலை பந்தயக் காரைச் செய்து விற்கும், தனியார் அணிகள் தம் பணத்தில் வாங்கி ஓட்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது தமிழர் பலரும் முதன்முறையாகக் கேள்விப்பட்ட போர்ஷே 911 ஜி.டி.3 கப் கார் அவ்வகையைச் சேர்ந்ததே. அதற்கு ஒரு படி மேலே உள்ள ஜி.டி.3 ஆர் காரின் விலை 2018-இல் 4,59,000 யூரோ. 2022-இல் வந்த அடுத்த தலைமுறைக்கு 5,67,000 யூரோ. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலை ஏறிய அதே வேளையில், டர்போ இல்லாத அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினின் கொள்ளளவு 4 லிட்டரிலிருந்து 4.2 லிட்டராகக் கூட்டப்பட்டது. கொள்ளளவு பெரிதானால், அதே திறனைப் பெற இன்ஜினை உச்சச் சுழற்சிக்கு விரட்ட வேண்டிய தேவை குறைகிறது. வாங்குபவருக்கு வாங்கும் விலையைக் காட்டிலும், பிரித்து மாட்டும் செலவே காலப்போக்கில் கழுத்தை நெரிக்கும் என்பதைச் செய்பவர் அறிவார்.

டீசல்கூட அந்த உலகுக்கு அந்நியமன்று. 2006-இல் 5.5 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஆவுடி ஆர்10, பின்னர் கோலஸ் என்னும் தனியார் அணியின் கைக்கு வந்தது. 2009-இல் அவ்வணியின் ஓட்டுநருள் ஒருவராகச் சென்ற நரேன் கார்த்திகேயன், தோள்பட்டைக் காயத்தால் பந்தயத்தில் அதை ஓட்டும் வாய்ப்பை இழந்தார்.

இராமேசுவரம்

தங்கச்சிமடம் தாண்டி இராமேசுவரம் துறைமுகத்தை அடையும்போது, திங்கள், புதன், சனி என்னும் மூன்று நாட்களில் ஒன்றாக இருப்பின், அனுமதிச்சீட்டு பெற்ற விசைப்படகுகள் காலையில் ஒருசேரப் புறப்படுவதைக் காணலாம். அடுத்த நாள் காலை அவை திரும்பும். வருமானத்திலிருந்து டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்த பின்னரே உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரிக்கப்படுவதால், டீசல் விலை ஏறினால் முதலில் சுருங்குவது தொழிலாளியின் பங்கு. படகிலேயே சோறு வடித்து, வலையில் வந்த மீனைக் குழம்பு வைத்து உண்ணும் அவர்கள், இரவில் மூன்று, நான்கு முறை மடியை இறக்கி ஏற்றுகிறார்கள்.

இன்ஜின் பெருத்த கதையை இத்துறைமுகத்தில்தான் தெளிவாகப் புரிந்துகொள்ள முடிகிறது. நீரில் அழுந்தி ஓடும் படகின் வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பது கடல் பொறியியலின் அடிப்படை. ஆகவே பக்கத்துப் படகைவிடச் சற்றே முந்த விரும்புபவர், அந்தச் சற்றுக்கு மிகப் பெரிய விலை கொடுக்கிறார். ஆனால் முதலில் சென்று மடியை இறக்குபவருக்கே இறால் என்னும் நிலையில், ஒருவர் மாற்றினால் மற்றவரும் மாற்றியே ஆக வேண்டியிருக்கிறது. எல்லோரும் மாற்றிய பின் எவருக்கும் முந்துதல் இல்லை, எண்ணெய்ச் செலவு மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கிறது. சீனத் தயாரிப்பு அதிவேக இன்ஜின்களுக்கு எதிராகத் தமிழகக் கரையில் மீனவரே போராடியதன் பின்னணி இதுதான். திருத்தப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனை உச்சவரம்பாக வகுத்துள்ளன.

பந்தய உலகம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 2006-இல் தொடங்கிய ஜி.டி.3 பிரிவில், வெவ்வேறு இன்ஜின் கொண்ட கார்களுக்கு எடையைக் கூட்டியும் காற்று நுழையும் வாயைக் குறுக்கியும் திறன் சமநிலை செய்யப்படுகிறது. யாரும் பெரிய இன்ஜினால் மட்டும் வெல்ல இயலாது என்பதால் செலவு ஓரளவு அடங்கியிருக்கிறது. செலவு கட்டுக்கடங்காது போன ஜி.டி.இ. பிரிவு 2023-ஓடு முடிந்து, லே மானில் அடுத்த ஆண்டே ஜி.டி.3 கார்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அதைவிட முக்கியமானது, வலிய காரும் மெலிய காரும் ஒரே தளத்தில் ஓடினாலும் தனித்தனிப் பிரிவாகவே மதிப்பிடப்படுகின்றன என்பது. கடலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது; அதற்கு அப்பால் சிறிது தொலைவிலேயே 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த பன்னாட்டுக் கடல் எல்லை குறுக்கிடுகிறது. இடைப்பட்ட ஒடுங்கிய கடலில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகளின் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் போதாதபோது, அவை எல்லையைத் தாண்டுகின்றன; மீனவர் சிறைப்படுகிறார்கள், படகு பறிபோகிறது.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் தமிழ் மீனவரே என்பதைச் சொல்லாமல் இத்துறைமுகத்தைக் கடந்து செல்வது முறையாகாது. போரினால் நீண்ட காலம் கடலை இழந்து, 2009-க்குப் பின் சிறு படகுகளோடும் கடன்வாங்கிய வலைகளோடும் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் வலைகளை இழுவைமடிகள் அறுத்துச் சென்றன. இலங்கை 2017-இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. சிறிய இன்ஜினும் பெரிய இன்ஜினும் ஒரே நீரில் மோத விடப்பட்டால் தோற்பது எது என்பதை அறிய அறுந்த அவ்வலைகளே போதும்.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் எச்சங்களைக் கடந்து அரிச்சல்முனை வரை இப்போது சாலை செல்கிறது. அப்துல் கலாமின் தந்தை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பக்தர்களை ஏற்றிச் சென்ற படகு வைத்திருந்தார். அது புயலொன்றில் போயிற்று என்பதைக் கலாம் எழுதியிருக்கிறார். இங்கே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் கரைவலை இழுப்பதும், சிறு இன்ஜின் மாட்டிய வள்ளங்களில் அருகிலேயே சென்று வருவதுமாக வாழ்கின்றன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வெளிப்பொருத்து இன்ஜின் இவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கெட்டால் ஊரிலேயே பழுது பார்த்துவிடலாம். மண்ணெண்ணெய் ஒதுக்கீடும் விலையும் நிலையின்றிப் போனதிலிருந்து டீசலில் ஓடும் சிறு இன்ஜினுக்கு மாறுவோர் பெருகுகின்றனர். கீற்றுக் கொட்டகைகளில் பொரித்துத் தரப்படும் மீன், கரைவலையில் அன்று காலை ஏறியது. அதன் சுவைக்கு ஈடான மீனைக் கோவைச் சந்தையில் எந்த விலைக்கும் பெற இயலாது.

குந்துகால்

திரும்பும் வழியில், பாம்பனுக்குத் தெற்கே, 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகாலில், ஆழ்கடல் படகுகளுக்கான இறங்குதளம் கட்டப்பட்டிருக்கிறது. இழுவைமடியைக் கைவிட்டு, ஆயிரக்கணக்கான தூண்டில்களை நீண்ட கயிற்றில் கோத்துச் சூரை பிடிக்கும் முறைக்கு மீனவரை மாற்றும் திட்டம் 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. 1,600 கோடி ரூபாயில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம், அதில் ஒன்றிய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் 8 லட்சம். இலக்கின் மிகச் சிறிய பகுதியே நிறைவேறியது.

குந்துகாலில் பேசியவர்கள் தந்த விளக்கம் படகின் விலையைப் பற்றியதன்று. படகு கிடைத்த பின் நடக்க வேண்டியதைப் பற்றியது. ஒரு நாள் பயணத்துக்குப் பழகிய இறால் தொழிலாளி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். அத்தனை நாளுக்கான டீசலையும் ஐஸையும் முன்பணமாகப் போட வேண்டும். ஒரு பயணம் பொய்த்தால் வங்கித் தவணை நிற்கும். தொழிற்சாலையிலிருந்து காரை வாங்கும் தனியார் அணிக்கும் இதே கணக்குதான். வாங்கும் விலையை மானியமோ ஆதரவாளரோ தாங்கலாம், ஒவ்வொரு பந்தயத்தின் செலவையும் அணியே தாங்க வேண்டும். திட்டம் மானியம் அளித்தது படகுக்கும் இன்ஜினுக்கும். முதல் சில பயணங்களின் எண்ணெய்க்கும், தூண்டில் தொழிலைக் கற்கும் மாதங்களின் கூலிக்கும் அதைப் போன்றதொரு ஏற்பாடு இருந்திருப்பின், இழுவைமடியை விட முன்வந்த குடும்பங்கள் கூடியிருக்கும். விற்பனை வரி நீக்கத்துக்கு ஆண்டுதோறும் செலவிடப்படும் தொகையின் ஒரு பகுதியை, குதிரைத்திறனைக் குறைத்துக்கொள்ளும் படகுகளுக்கே முன்னுரிமையாகத் தருவது இக்கரையில் இன்றே தொடங்கக்கூடிய செயல். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, டீசல் வழங்கும் பதிவேட்டில் படகின் பெயருக்குப் பக்கத்தில் இன்ஜினின் அளவையும் எழுதும் ஒரு கட்டம் போதும்.